எருக்கும் புழுவும்

உழவர்கரையில் எங்கள் வீட்டுப் பின்புறம், வேலியோரத்தில் ஓர் எருக்கஞ்செடி நின்றது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதுமில்லை. அதன் வெளிர் ஊதாப் பூக்களைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் பறக்கும். கறுப்பு விளிம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த அவற்றை வெந்தய வரியன் என்கிறார்கள். காலையில் காப்பியும் கையுமாக அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். 'நாமும் இயற்கையை நேசிக்கிறவர்தாம்' என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

ஒருநாள் இலைகளில் வரிவரியான புழுக்களைக் கண்டேன். பாதி இலைகள் ஓட்டை. அருவருப்பாக இருந்தது. தோட்ட வேலைக்கு வருகிறவரைக் கூப்பிட்டுச் செடியை வெட்டச் சொன்னேன்.

"பிள்ளையார் சதுர்த்திக்குப் பூ வேணுமேங்க?" என்றார் அவர்.

"அன்றைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்றேன்.

வெட்டிப்போட்ட கிளைகள் மாலைக்குள் வாடிவிட்டன. புழுக்கள் இறங்கி வெறும் மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தன. எருக்கும் அதன் இனத்துச் செடிகளுமே அவற்றுக்கு உணவு. பக்கத்திலிருந்த செம்பருத்தியாலும் ரோஜாவாலும் அவற்றுக்கு என்ன பயன்? அடுத்த சில வாரங்கள் பட்டாம்பூச்சி ஒன்றும் வரவில்லை.

அப்படியானால் நான் நேசித்தது எதை?

சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில், நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் இதே பட்டாம்பூச்சியை வரைந்திருக்கிறார்கள். இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைக் காணலாம். சிறகின் அழகை மனிதன் அறிந்து அவ்வளவு காலமாகிறது. ஆனால் அந்தச் சிறகுக்கு விலை கொடுப்பது செடி. எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. அதைத் தின்று புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் பறவைகள் பட்டாம்பூச்சியைத் தொடத் தயங்குகின்றன. எருக்குக்கு மகரந்தம் சுமந்து உதவுவதோ, மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு. புழு தின்றுவிட்டுப் போவதோடு சரி. எருக்கு மறுபடியும் தழைக்கிறது.

எருக்கை ஒதுக்குவதில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது ஆகாது. ஆனால் என் செடி வேலியோரத்தில் நின்றது. என்னை வெட்டச் சொன்னது அச்சமன்று, அருவருப்புத்தான். சிறகு எனக்கு, புழு வேறு யாருடைய தரிசுக்கோ! பூ எனக்கு; செடி வேறு யாருடைய வேலிக்கோ!

உழவர்கரை என்ற பெயரிலேயே உழவர் இருக்கிறார். எருக்கந்தழையை வயலில் மிதித்து உரமாக்கத் தெரிந்தவர் அவர். வயல்கள் மனைகளாகிவரும் ஊரில், எல்லோரும் என்னைப்போலவே கணக்குப் போட்டால், அந்த 'வேறு யாரோ' எங்கே இருப்பார்?

மழைக்குப் பின் அடிக்கட்டை துளிர்த்தது. "வெட்டிடவாங்க?" என்று கேட்டார் தோட்டக்காரர்.

"இருக்கட்டும்" என்றேன்.

இப்போது இலைகளில் மறுபடியும் ஓட்டைகள். பார்க்க நன்றாக இல்லை. காலைக் காப்பியோடு நான் அங்கேதான் நிற்கிறேன்.