அயலானுக்கு மிச்சமா, பங்கா?

கேள்வி: எங்கள் சபை சிறியது. வேப்பனப்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்கள்தான் சபையார். பாதிப் பேர் கூலி வேலைக்கும், மீதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். போதகருக்குச் சம்பளம் கொடுத்து, ஆலயக் கட்டட நிதிக்கும் எடுத்து வைத்தால் காணிக்கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். வேலை நின்றுபோனவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் உதவி கேட்டு ஆலயத்துக்கு வருகிறார்கள். “முதலில் நம் சபை ஏழைகளைப் பார்ப்போம், மிஞ்சினால் அவர்களுக்கு” என்கிறார்கள் சபை மூப்பர்கள். விசுவாச வீட்டாருக்கு வேதமே முதலிடம் தருகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி, ஐயா?

— வாசகர் ஒருவர், வேப்பனப்பள்ளி

பதில்: மூப்பர்கள் மனதில் வைத்திருப்பது கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் நன்மை செய்யுங்கள், விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாகச் செய்யுங்கள் என்பதுதான் அங்கே பவுல் தரும் புத்தி. கட்டளை எல்லோருக்கும் நன்மை செய்வது. வீட்டாரைப் பற்றிய அழுத்தம் அந்தக் கட்டளைக்கு உள்ளே வருகிறது, அதை ரத்து செய்ய வரவில்லை. “மிஞ்சினால்” என்ற நிபந்தனையை அந்த வசனத்தில் எங்கே தேடினாலும் காண முடியாது. அது நாம் சேர்த்தது. இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். விசுவாச வீட்டார் என்று பவுல் சொன்ன இடத்தில் நம் சபைகள் பல சமயம் சொந்தபந்தத்தையும் சாதிக்காரரையும் உட்கார வைத்துவிட்டன. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கர் பக்கத்திலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் உண்டு. அவர்களின் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள். உங்கள் ஆலயத்து வாசலில் நிற்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், மூப்பர்கள் காட்டும் அதே வசனத்தின்படி அவர் உள்வீட்டுக்காரர். அப்போதும் அவர் வெளியாளாகத் தெரிகிறார் என்றால், நம்மைத் தடுத்து நிறுத்துவது விசுவாசம் பற்றிய அக்கறை இல்லை. அவர் பேசும் மொழிதான்.

இந்தச் சிக்கல் சபைக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். எருசலேம் சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே இதுதான் என்று அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் பதிவு செய்திருக்கிறது. தினமும் நடந்த பந்தி விசாரணையில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். யாரோ திட்டமிட்டு அவர்களைப் பட்டினி போட்டதாக அங்கே எழுதப்படவில்லை. பரிமாறியவர்கள் உள்ளூர் மொழிக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். தெரிந்த முகத்துக்கும் தெரிந்த பேச்சுக்கும் கை முதலில் நீண்டிருக்கும். கெட்ட எண்ணமே இல்லாமல் அநியாயம் நடக்கும் வழி அது. அப்போஸ்தலர்கள் இதற்குக் கண்ட தீர்வைக் கவனியுங்கள். உள்ளூர்க்காரர்களை அழைத்து, இனிமேல் கொஞ்சம் பார்த்துப் பரிமாறுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரை நியமித்து அந்தப் பொறுப்பையே அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கடைசியாகச் சொல்லப்பட்ட நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். குறை சொன்ன கூட்டத்தின் பக்கத்து ஆட்களிடமே சபை அகப்பையைக் கொடுத்தது. அதன் பிறகு வசனம் பரவிச் சீஷர் தொகை பெருகியது என்று லூக்கா அடுத்த வரியிலேயே எழுதுகிறார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் உங்கள் எல்லைப் பகுதிக்கென்றே எழுதிவைத்த அதிகாரம் போல அது இருக்கிறது. மூன்று மொழியில் பேரம் பேசத் தெரிந்த ஊர் மக்களுக்கு நான்காவதாக ஒரு மொழிக்காரரோடு ஒரே பந்தியில் உட்கார்வது முடியாத காரியம் இல்லை.

அந்நியர்மேல் இந்த அக்கறை எருசலேமோடு நின்றுவிடவும் இல்லை. சுமார் 155-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிறு ஆராதனையில் சேரும் காணிக்கை யாருக்குப் போகிறது என்பதை எழுதிவைத்தார். அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள் என்று போகும் அவரது பட்டியலில் ஊருக்கு வந்து தங்கியிருக்கும் அந்நியர்களும் தவறாமல் இருக்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 251-இல், ரோமாபுரி ஆயர் கொர்னேலியு தம் சபையின் கணக்கை ஒரு கடிதத்தில் தருகிறார். குருக்கள் 46 பேர். சபை பராமரித்த விதவைகளும் இடுக்கண் பட்டோரும் 1,500-க்கும் மேல். அரசு அங்கீகாரம் இல்லாத, அடிக்கடி துன்புறுத்தப்பட்ட ஒரு சபையின் கணக்கு இது. 362-இல் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றபோது, கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்களே என்று வருந்தி, அந்நியர்களுக்குச் சத்திரம் கட்டவும் தானியம் ஒதுக்கவும் அதில் உத்தரவிட்டார். கிறிஸ்தவத்தை வெறுத்த ஒருவர் தந்த சாட்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். நம் மூப்பர்கள் சொல்லும் முறைப்படி அந்தச் சபைகள் நடந்திருந்தால் ஜூலியனுக்கு எரிச்சல் வந்திருக்காது.

“நாங்களே ஏழைகள்” என்பது உங்கள் கடிதத்தில் உள்ள உண்மையான பாரம். அதை லேசாக ஒதுக்க முடியாது. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் தருமப்பணம் சேர்த்தபோது எடுத்துக்காட்டாக நிறுத்தியது மக்கெதோனியா சபைகளை. அவர்கள் கொடிய தரித்திரத்தில் இருந்தும் வாரிக் கொடுத்தார்கள் என்கிறது 2 கொரிந்தியர் 8. அதே அதிகாரத்தில், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பது நோக்கமல்ல, சமநிலைதான் வேண்டும் என்றும் பவுல் தெளிவாக்குகிறார். கடன் வாங்கித் தருமம் செய்ய யாரும் உங்களைக் கேட்கவில்லை. தொகை சிறியதாக இருக்கலாம். அது எந்த வரிசையில் எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிறது. அந்த ஓரம் அறுப்புக்கு முன்பே ஒதுக்கப்படுவது. களத்தில் அளந்து, கடனைக் கட்டி, களஞ்சியத்தை நிரப்பிய பிறகு மிஞ்சியதை அள்ளிப்போடும் ஏற்பாடு இல்லை அது. நம் சபைகளிலும் கைப்பிடி அரிசிப் பழக்கம் இப்படித்தான் நடந்தது. உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி முதலில் தனிப் பானைக்குப் போனது, பிறகுதான் சோறு வெந்தது. அந்தப் பிடியைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வறிய வீட்டுப் பெண்கள்.

கட்டட நிதி? ஆலயம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்கு ஒழுகாத ஒரு கூரை சபைக்கு வேண்டும். ஆனால் 378-இல் அதிரியானோப்பிள் போருக்குப் பிறகு கோத்தியர் ஏராளமானோரைச் சிறைபிடித்தபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் ஆலயத்தின் பொன் பாத்திரங்களை உடைத்து விற்று அவர்களை மீட்டார். எதிர்ப்பாளர்கள் அவர்மேல் பழி சொன்னார்கள். பொன்னைக் காப்பதைவிட ஆன்மாக்களைக் காப்பது மேல் என்று அவர் பதில் கூறினார். அர்ச்சிக்கப்பட்ட பாத்திரத்தையே உடைக்கலாம் என்றால், இன்னும் வாங்காத டைல்ஸைச் சில மாதம் தள்ளிப்போடுவதில் தேவ கோபம் எதுவும் வராது.

ஏமாற்றுகிறவர்களும் வருவார்களே என்று சபையில் யாராவது கேட்பார்கள். வருவார்கள். ஆதிச் சபைக்கும் அது தெரிந்திருந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த திதாக்கே என்ற சபை ஒழுங்கு நூல், வருகிறவரை முதலில் ஏற்றுக்கொள், பிறகு விசாரித்து அறி என்கிறது. வழிப்போக்கர் என்றால் இரண்டு மூன்று நாள் தங்கலாம், நிலையாகத் தங்க விரும்பினால் தொழில் செய்து பிழைக்கட்டும் என்றும் ஒழுங்கு சொல்கிறது. ஏற்பது முதலில், விசாரணை பிறகு என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். உங்கள் ஊருக்கு வந்திருப்பவர்கள் உழைப்பதற்கென்றே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவர்கள். அவர்களுக்குப் பல நேரம் தேவைப்படுவது பணமே இல்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வெளிமாநிலக் குடும்பம் இங்குள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தன் பங்குத் தானியத்தை வாங்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவராக இருந்தாலும், சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனியில் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. சிகிச்சைக்கு உரியவர். மொழி தெரியாமல் இந்த உரிமைகள் கைக்கு எட்டாமல் நிற்கும். கம்பெனி வேலைக்குப் போகும் உங்கள் வாலிபர்களுக்கு இ.எஸ்.ஐ. நடைமுறை அத்துபடி. ரேஷன் கடைக்கு ஒருமுறை கூடவே போய் நின்று பேசுவதும், அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் துணை போவதும் காணிக்கைப் பெட்டியைத் தொடாத ஊழியங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒரு தயக்கமும் இருக்கக்கூடும். உதவி செய்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று பேச்சு வருமே என்ற தயக்கம். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2022-இல் இயற்றிய சட்டம் பரிசையும் பணத்தையும்கூட ஆசைகாட்டுதல் என்ற வரையறைக்குள் வைத்தது. சந்தேகம் அக்கம்பக்கத்தில் உலவுகிறது என்பதை மறுக்க முடியாது. அதற்குப் பயந்து கையை மடக்கிக்கொள்வது தவறு. அரிசிப் பைக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதும் தவறு. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் சமாரியன். வராத ஒன்பது பேரிடமிருந்து அவர் சுகத்தைத் திரும்பப் பறிக்கவில்லை. அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் எந்த மதத்தையும் விசாரிக்கவில்லை, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். வருகிறவர் இந்துவாக, முஸ்லிமாக, எவராக இருந்தாலும் ஜெபக்கூட்டத்துக்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் கொடுங்கள். கணக்கை எழுதி ஆராதனை முடிவில் சபைக்கு வாசியுங்கள். பவுலே அந்தத் தருமப்பணத்தைத் தனியாகத் தூக்கிச் செல்லாமல், யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார்.

உங்கள் மாவட்டத்துச் சபை வரலாற்றையும் மூப்பர்களுக்கு நினைவூட்டுங்கள். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை 1895-இல் இந்தியாவில் தன் பணியைத் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். தியோடர் நேத்தர் என்ற ஜெர்மானியர் அங்கே வந்து பணி செய்து, 1904-இல் பிளேக் நோயில் மாண்டார். இந்த மண்ணையே பார்த்திராத யாரோ தங்கள் காணிக்கையை நம் ஊருக்கு அனுப்பினார்கள். தங்கள் ஊர்த் தேவை முடிந்து மிஞ்சட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தச் சபை இங்கே முளைத்திருக்காது. ஆனால் அதே காலத்து மிஷனரிப் பணியைப் பற்றி, தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். மிஷனரிகள் பொருளையும் உயிரையும் கொடுத்தார்கள், அதற்கு இந்தியச் சபை நன்றி சொல்லும். ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். உதவி செய்கிறவரும் பெறுகிறவரும் ஒரே மேசையில் சாப்பிடாத குறையைத்தான் அவர் அங்கே வெளிப்படையாக வைத்தார். அன்று வாங்கும் இடத்தில் இருந்தவர்கள் நாம். இன்று வேப்பனப்பள்ளியில் கொடுக்கும் இடத்தில் நிற்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வையை நீட்டிவிட்டு அனுப்புவதோடு முடித்துக்கொண்டால் அசரியா சொன்ன குறை நம்மேலும் வரும்.

ஆகவே அடுத்த சபைக் கமிட்டியில் இரண்டு தீர்மானங்களை வையுங்கள். காணிக்கை எண்ணப்பட்டதும், சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் முன்னால், நூற்றுக்கு ஐந்தோ பத்தோ அயலாருக்கென்று தனி உறையில் போகட்டும். அந்தப் பணத்தைக் கவனிக்கும் குழுவில் வெளிமாநிலத்தவர் ஒருவருக்கும், தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் ஒருவருக்கும் இடம் இருக்கட்டும். மூப்பர்கள் மறுத்தால் கோபப்படாதீர்கள், சபையை விட்டு விலகவும் வேண்டாம். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை அவர்களோடு உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். அதுவரை உங்கள் சொந்த வீட்டு அரிசியிலிருந்து ஒரு பிடியை நீங்கள் எடுத்து வைக்க எந்தக் கமிட்டியின் அனுமதியும் தேவையில்லை.