கூலியும் நீதியும்: நிலக்கரித் தொழிலை முன்வைத்து ஒரு நோக்கு

உழைப்புக்குரிய கூலி யாது என்னும் வினா பொருளியலார்க்கு மட்டுமே உரியதெனப் பலரும் கருதுவர். கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் இடத்திலே கூலி நிர்ணயமாகின்றது என்று கூறி அவ்வினாவை முடித்துவிடுதலும் வழக்கமாயிற்று. ஆயின் ‘எவ்வளவு கொடுக்கப்படுகின்றது’ என்பது வேறு. ‘எவ்வளவு கொடுக்கப்பட வேண்டும்’ என்பது வேறு. முன்னையது சந்தை தரும் விடை. பின்னையது அறத்தை நோக்கி எழும் வினா. ஒருவன் தன் உழைப்பை விற்க இசைந்தான், மற்றொருவன் அதனை வாங்க இசைந்தான் என்பதனால் மட்டும் அவ்விலை நீதியான விலையாகிவிடுமா? இதனை ஆராய்தற்கு நிலக்கரித் தொழிலைப் போன்று தக்க களம் வேறில்லை. அத்தொழிலின் கடுமையை மறுப்பார் எவருமிலர். கரியின் பயனைத் துய்க்காதாரும் அரியர்.

ஆதம் சிமித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் இவ்வினாவை எதிர்கொண்டார். தொழிலின் கடுமை, அருவருப்பு, அழுக்கு, நிலையின்மை ஆகியன மிகுந்தால் அவற்றுக்கு ஈடாகக் கூலியும் மிகும் என்பது அவரது கொள்கை. அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டது கரித் தொழிலாளரையே. நியூகாசிற் சுரங்கத் தொழிலாளன் சாதாரணக் கூலியாளின் ஊதியத்தைப் போல் இரு மடங்கும், சுகொட்லாந்தின் பல பாகங்களில் மும்மடங்கும் பெறுவான் என்றும், இலண்டனிற் கப்பலிலிருந்து கரி இறக்குவோர் அதனினும் மிகுதியாகப் பெறுவர் என்றும் அவர் எழுதினார். கப்பல்கள் வரும் காலம் உறுதியற்றது. வேலையில்லாத நாளுக்கும் சேர்த்து வேலையுள்ள நாளின் கூலி ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் காட்டிய நியாயம்.

கேட்டற்கு இனிய நியாயமே இது. ஆனால் இதன் அடியில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. கடுமையான தொழில் வேண்டாமெனின் விலகிச் செல்வதற்குத் தொழிலாளிக்கு வேறு வழி உண்டு என்பதே அது. அவ்வழி எல்லார்க்கும் திறந்திருந்ததா? சிமித்தின் சொந்த நாடாகிய சுகொட்லாந்திலேயே சுரங்கத் தொழிலாளர் தாம் வேலை செய்த சுரங்கத்தோடு சட்டத்தாற் பிணைக்கப்பட்டிருந்தனர். 1775ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிணைப்பைத் தளர்த்திற்று. 1799ஆம் ஆண்டுச் சட்டமே அதனை முற்றாக அறுத்தது. பின்வந்த ஜோன் சுடுவாட் மில், 1848இல் வெளியான தம் நூலில் சிமித்தின் கொள்கையைத் தலைகீழாக்கினார். மிகக் கடினமும் அருவருப்பும் உடைய தொழில்களே பெரும்பாலும் மிகக் குறைந்த ஊதியம் பெறுகின்றன. ஏனெனில் வேறு போக்கிடம் இல்லாதவரே அவற்றைச் செய்கின்றனர் என்பது மில் கண்ட உண்மை. கூலி வேலையின் தன்மையை நோக்கி அமைகின்றதா, வேலை செய்பவரின் இயலாமையை நோக்கி அமைகின்றதா? இவ்விரு அறிஞர்க்கும் இடைப்பட்ட வழக்கு இதுவே.

இவ்வழக்குக்குரிய சாட்சியத்தைக் கொழும்பிலேயே காணலாம். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் கரித் தொழிலாளர் இருந்தனர். 1869இற் சுயெசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், 1875இல் தொடங்கிய அலைதடுப்பு வேலை 1885இல் நிறைவெய்தியது. கொழும்பு கீழைக் கடலிற் கரி நிரப்பும் பெருந்துறைகளுள் ஒன்றாயிற்று. கூடைகளிலும் சாக்குகளிலும் கரியைச் சுமந்து, பலகை வழியே ஏறி, கப்பலின் வயிற்றை நிரப்பியவர்கள் துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளை அண்டி வாழ்ந்த தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் ஆவர். கொச்சியிலிருந்து வந்த குருவானவர் ஒருவரோடு தொடர்புறுத்திக் கூறப்படும் அந்தோனியார் கோயில் இங்குள்ளது. கடல் கடந்து வந்தோரின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இடம் கொச்சிக்கடை எனலாம்.

இத்தொழிலாளரிற் பலர் நாட்கூலிகள். ஒப்பந்தகாரர் அல்லது கங்காணி வழியாக வேலை பெற்றோர். கப்பல் வந்தால் வேலை, வராவிடிற் பட்டினி. சிமித் கூறிய ‘நிலையின்மைக்கான ஈடு’ இங்கே எவரது கணக்கில் எழுதப்பட்டது? துறைமுகத்துக்கு எந்நேரமும் ஆள் தேவை. எந்நாளும் கூலி கொடுக்க வேண்டிய தேவை இல்லை. ஆதலின் வேலையில்லா நாளின் சுமை கப்பற் கம்பனியின் தோளிலிருந்து இறங்கித் தொழிலாளியின் குடிசைக்குட் புகுந்தது.

இந்நிலையை மாற்றியது சந்தையன்று. 1919இற் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். 1920இற் புகையிரத, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிற் பல்லாயிரம் துறைமுகத் தொழிலாளர் இனபேதமின்றிக் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். 1934இல் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1941இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. வேலையின் இயல்பு இவ்வாண்டுகளில் மாறவில்லை. கரி முன்போலவே கனத்தது. மாறியது, ‘இக்கூலிக்கு வரமாட்டோம்’ என்று சேர்ந்து சொல்லும் ஆற்றலே.

அவ்வொற்றுமையும் நிலைக்கவில்லை. 1929இன் பின் வந்த பெருமந்தத்தில் வேலை அருகியது. நேற்றுத் தோளோடு தோள் நின்ற மலையாளி, இன்று பிறர் சோற்றைப் பறிப்பவனாகக் காட்டப்பட்டான். குணசிங்கவே அவ்வெதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளம் பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை தொடங்கிற்று. குறைந்த கூலிக்கு இசைந்தவன் குற்றவாளியாக்கப்பட்டான். அவன் இசைவை மலிவாக வாங்கியவர் எவரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. தொழிலாளர் யார் யார் என்னும் வினாவும், கூலி எவ்வளவு என்னும் வினாவும் ஒன்றையொன்று பிரியா என்பதற்கு இதனிற் சிறந்த சான்று தேவையில்லை.

இசைவு என்பது எப்பொழுது உண்மையான இசைவாகும்? 1891இற் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், சுதந்திரமான உடன்பாட்டுக்கும் மேற்பட்ட இயற்கை நீதி ஒன்று உண்டெனக் கூறிற்று. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் சீவியத்துக்குக் கூலி போதாதாயின், தேவையினாலோ அச்சத்தினாலோ அவன் அதற்கு இசைந்தாலும், அவன் வன்முறைக்கு ஆளானவனே என்பது அதன் கருத்து. இதனை ஏற்பதற்குச் சமய நம்பிக்கை வேண்டியதில்லை. கழுத்திற் கத்தி வைத்துப் பெற்ற கையொப்பம் செல்லாது என்று சட்டம் கூறுகின்றது. வயிற்றிற் பசியை வைத்துப் பெற்ற கைநாட்டு மட்டும் எங்ஙனம் செல்லுபடியாகும்?

கொழும்பின் கரி மேட்டிலிருந்து கரி பிறக்கும் இடத்துக்குச் சென்றால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். இந்தியாவின் இராணிகஞ்சு, சரியா முதலிய வயல்களில் ஆதிவாசிகளும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் குடும்பத்தோடு சுரங்கத்துள் இறங்கினர். ஆண் வெட்டுவான், பெண் அள்ளிச் சுமந்து தொட்டியை நிரப்புவாள், தொட்டிக் கணக்கிற் கூலி. சில இடங்களிற் சுரங்க உரிமையாளர் சிறு நிலம் கொடுத்து, அதற்கு ஈடாகச் சுரங்க வேலையைக் கட்டாயமாக்கினர். நிலத்தை இழக்காமல் வேலையை விட முடியாதவனிடத்தில் எந்தப் பேரஞ் செல்லும்?

இங்கே எளிதில் விடையளிக்க முடியாத ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை இங்கிலாந்து 1842இல் தடுத்தது. 1935இற் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதனை உடன்படிக்கையாக்கியது. இந்தியாவில் 1929இற் படிப்படியாகத் தொடங்கிய விலக்கு 1930களின் இறுதியில் முழுமை பெற்றது. தீங்கிலிருந்து பெண்ணைக் காத்தமை நன்றே. ஆயின் இருவர் உழைத்து உண்ட குடும்பத்துக்கு ஒருவர் கூலியே எஞ்சியது. ஆணின் கூலி இருவர்க்குப் போதுமானதாக உயர்த்தப்படவில்லை. போர்க்காலத்திற் கரி தேவைப்பட்டதும், 1943இல் அதே தடை நீக்கப்பட்டது. 1946இல் மீண்டும் வந்தது. தொழில் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர், 1944இல் மத்திய சட்டசபையில் இத்தடை நீக்கத்தை விளக்கியபோது, நிலத்தடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் நியதி ஏற்கப்பட்டதை எடுத்துக்காட்டினார். பெண்ணின் மென்மை பற்றிய கவலை, கரியின் தேவைக்கேற்ப வந்தும் போயும் இருந்தமையை இவ்வரலாறு காட்டும். ஈடில்லாத பாதுகாப்பு அரைகுறை அறமே. பாதுகாப்பில்லாத சமத்துவமும் அத்தகையதே.

அரசுடைமை இச்சிக்கலைத் தீர்க்கும் என ஒரு காலத்திற் கருதப்பட்டது. இந்தியாவிற் கரிச் சுரங்கங்கள் 1971 முதல் 1973 வரை அரசுடைமையாயின. நிலையான தொழிலாளரின் ஊதியமும் உரிமையும் உயர்ந்தன. தமிழ்நாட்டில் 1956இல் அமைக்கப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடக்கம் முதலே அரசுக்குரியது. எனினும் அங்கும் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என இரு சாதிகள் உருவாயின. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2012இலும் 2023இலும் நெடிய வேலைநிறுத்தங்கள் செய்ய நேர்ந்தது. 2020 யூலை 1ஆம் நாள் அங்குள்ள அனல் மின்னிலையத்திற் கொதிகலன் வெடித்தபோது ஒப்பந்தத் தொழிலாளரும் மாண்டனர். சம்பளப் பட்டியல் அறிந்த வேறுபாட்டை நெருப்பு அறியவில்லை.

கொழும்பின் கங்காணியும் நெய்வேலியின் ஒப்பந்தகாரரும் காலத்தால் வேறுபட்டோர்; செய்யும் பணி ஒன்றே. வேலை வாங்குவோனுக்கும் வேலை செய்வோனுக்கும் இடையே அவர்கள் நிற்கின்றனர். ‘அவன் என் ஆள் அல்லன்’ என்று நிறுவனமும், ‘எனக்குக் கிடைப்பதே இவ்வளவுதான்’ என்று ஒப்பந்தகாரரும் கூறுவர். இருவரும் பொய் கூறாமலே பொறுப்பு மறைந்துவிடுகின்றது. அநீதி செய்தவர் எவருமில்லாத அநீதி இதுவாகும்.

கூலியை உயர்த்தினால் வேலை குறையும். அப்போது வறியவரே முதலில் இழப்பர் என்பது இதற்கெதிராகக் கூறப்படும் தடை. இதனைப் புறக்கணித்தல் கூடாது. வேலையே இல்லாதவனுக்கு நீதியான கூலி பற்றிய சொற்பொழிவு சோறாகாது. ஆயின் இத்தடை காட்டுவது, கூலியோடு வேலைப் பாதுகாப்பையும் சமுதாயம் பொறுப்பேற்க வேண்டும் என்பதையே. குறைந்த கூலி நீதியானது என்பதையன்று. அபாயத்துக்குக் கூடுதற் பணம் தந்தாற் போதும் என்பதும் பொருந்தாது. உயிருக்கு விலை இல்லை. தவிர்க்கக்கூடிய அபாயத்தைத் தவிர்ப்பது முதற்கடன். தவிர்க்க முடியாததற்கு ஈடளிப்பது அடுத்த கடன். 1975 திசம்பரிற் சசுனாலாச் சுரங்கத்துள் நீர் புகுந்து 370இற்கு மேற்பட்டோர் மாண்டனர். எந்தப் படித்தொகை அவர்களுக்கு ஈடாகும்?

ஆகவே, கூலி செய்யப்படும் வேலையை நோக்கி அமைய வேண்டும். செய்பவன் எந்த ஊரான், ஆணா பெண்ணா, எவர் பதிவேட்டில் உள்ளவன் என்பதை நோக்கியன்று. அது அவனும் அவனைச் சார்ந்தோரும் மானத்தோடு வாழப் போதியதாதல் வேண்டும். ‘மாட்டேன்’ என்று சொல்லும் வழி திறந்திருக்கும்போது தரப்படும் இசைவே இசைவெனப்படும். இம்மூன்றும் பொருந்தாத கூலி, சட்டத்தால் ஏற்கப்பட்டதாயினும், கடனேயன்றிக் கொடுத்துத் தீர்ந்த விலையன்று.

கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபின் கொழும்பிற் கரி சுமப்போர் மறைந்தனர். ஆனால் கரி இலங்கையை விட்டு நீங்கவில்லை. 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை மின்னிலையத்துக்கு அது வேற்று நாட்டுச் சுரங்கங்களிலிருந்து கடல் வழியே வருகின்றது. முன்னர்க் கரி சுமந்தவனைக் கொச்சிக்கடைத் தெருவிற் காணலாம். அவன் முகத்தின் கருமையே வழக்கை நினைவூட்டும். இன்று அதனை வெட்டுபவன் கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருக்கின்றான். அவனுக்கும் மின்விளக்கின் கீழ் அறநூல் பயிலும் மாணவனுக்கும் இடையே நிற்கும் ஒப்பந்தகாரர் பலர். இடைப்பட்டோர் பெருகியதனாற் கடன் குறைந்துவிடவில்லை. அவ்விளக்கு எரியுமட்டும் வழக்கு முடிவதில்லை.