தேயும் கல்

தேய்வதைப் புகழ நம்மிடம் உவமைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியர் தினத்தில் மெழுகுவர்த்தி உருகும், அன்னையர் தினத்தில் சந்தனக்கட்டை தேயும். மேடையில் பேசுகிறவர் கண் கலங்குவார், நாம் கை தட்டுவோம். இந்தப் புகழ்ச்சி மீது எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. தேய்கிறவர்களைப் போற்றுவது அறமா, அல்லது அவர்களைத் தொடர்ந்து தேய்ப்பதற்கு நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழியா? இதை யோசிக்க எனக்கு உதவியது ஒரு கல்.

வீட்டுப் பின்புறத்தில் காகிதப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை, கஸ்தூரி எலுமிச்சை வைத்திருக்கிறேன். கிளை வெட்டும் கத்தரி மழுங்கிவிட்டால் அது வெட்டாது, நசுக்கும். நசுங்கிய காம்பு ஆற நாளாகும். நம்ம ஊர் மழைக்கு அதற்குள் அழுகலும் தொற்றிக்கொள்ளும். அதனால் கத்தரியை ஜப்பானிய நீர்க்கல்லில் தீட்டுகிறேன்.

ஜப்பானியர்கள் தீட்டுக்கல்லை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முரட்டுக் கல் அராதோ, நடுத்தரக் கல் நகாதோ, மெருகேற்றும் கல் ஷியாகேதோ. கியோத்தோவைச் சுற்றிய மலைகளிலிருந்து பல நூற்றாண்டுகளாக வெட்டி எடுத்த இயற்கைக் கற்களுக்கு இன்றும் தனி மரியாதை. அந்தச் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கைக் கற்கள்தான். தோட்டக் கத்தரிக்கு 1000 எண் கல்லே போதும். தண்ணீரில் ஊறப் போட்டால் குமிழி குமிழியாக மூச்சு விடும். குமிழி நின்றதும் எடுத்து, கத்தரியின் சரிவான பக்கத்தை மட்டும் அதே கோணத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும். அந்தத் தட்டையான பக்கத்தைக் கல்லில் படிய வைத்து லேசாக இழுத்தால் பிசிறு போய்விடும். அவ்வளவுதான் வேலை.

இதில் கூர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். நீர்க்கல்லில் துகள்களைப் பிடித்திருக்கும் கட்டு கொஞ்சம் தளர்வானது. இரும்பு உரச உரச, மழுங்கிய துகள் உதிர்ந்து புதிய துகள் மேலே வரும். உதிர்ந்தது தண்ணீரோடு சேர்ந்து சேறாகி, அதுவும் இரும்பைத் தேய்க்கும். மிகவும் இறுகிய கல் லேசில் தேயாது. ஆனால் அதன் மேற்பரப்பு நாளடைவில் வழவழப்பாகி, கத்தி அதன் மேல் சும்மா வழுக்கிப் போகும். ஆக, தேயாமல் இருப்பது ஒரு பெருமை இல்லை. வேலை என்று ஒன்று இருந்தால் தேய்மானமும் இருக்கும். மெழுகுவர்த்திப் பேச்சாளர்கள் இதுவரை சொல்வது சரிதான்.

அவர்கள் சொல்லாமல் விடுவது கல்லின் நடுவில் விழும் பள்ளத்தை. கை தன்னை அறியாமல் நடுவிலேயே தேய்க்கும், அதுதான் வசதி. பள்ளம் விழுந்த கல்லில் தீட்டினால் கத்தியின் விளிம்பும் கோணலாகிவிடும். கல் தேய்ந்தது சிக்கல் இல்லை. ஒரே இடத்தில் தேய்ந்ததுதான் சிக்கல்.

எனக்கு அக்கா முறையாகும் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். பெரியம்மா பக்கவாதத்தில் படுத்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் நான்கு பேர். வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருப்பது அக்கா மட்டும். மற்ற மூவரும் கெட்டவர்கள் இல்லை, மாதாமாதம் பணம் வருகிறது. தீபாவளிக்கு வரும்போது, "அக்கா சாமி மாதிரி லா, எங்களால முடியுமா?" என்பார்கள். அந்தக் கேள்வி பதில் கேட்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. ஒருவரைச் சாமி ஆக்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பதிலாக யார் இரவில் விழித்திருப்பது என்ற பேச்சு எழாது. சாமிக்குத்தான் தூக்கம் கிடையாதே.

பள்ளம் விழுந்த கல்லைச் சரிசெய்ய ஒரு முறை உண்டு. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட வேண்டும். கண்ணாடியின் மேல் விரித்த உப்புத்தாளிலோ சமப்படுத்தும் தட்டிலோ கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஓரத்துக் கோடுகள் முதலில் அழியும். பள்ளத்துக் கோடுகள் கடைசிவரை இருக்கும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது என்று பொருள். கவனியுங்கள், யாரும் பள்ளத்தை நிரப்புவதில்லை. தேய்ந்துபோனதைத் திருப்பித் தர எந்த வழியும் இல்லை. தேயாமல் உயர்ந்து நிற்கும் ஓரங்கள் இறங்கி வருகின்றன, அதுதான் ஒரே வழி.

நன்றி சொல்வதும், விருது கொடுப்பதும், பொன்னாடை போர்த்துவதும் பள்ளத்தை நிரப்பும் பாவனைகள். அக்காவின் ஆறு வருடத்தை அவை திருப்பித் தராது. ஒரு தம்பி மாதத்தில் ஒரு வாரம் லீவு போட்டு வந்து படுக்கையைத் துவைத்தால் அது ஓரம் இறங்குவது. அதில் அவருக்கு நிஜமான நஷ்டம் உண்டு. நஷ்டமே இல்லாமல் செய்யும் நியாயம் எதுவும் இந்த விஷயத்தில் இல்லை.

கல்லுக்கு விருப்பம் கிடையாது, மனுஷிக்கு உண்டே என்று கேட்கலாம். அக்காவும் அதைத்தான் சொல்கிறார்: "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல தம்பி, நான் விரும்பித்தான் செய்றேன்." நான் அதை நம்புகிறேன். அந்த அன்பைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவருடைய விருப்பம் அவருடைய செயலுக்கு மட்டும்தான் விளக்கம். மற்ற மூவர் செய்யாமல் இருப்பதற்கு அது விளக்கம் ஆகாது. ஒருவர் மனமுவந்து கொடுப்பதாலேயே மற்றவர்களின் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

சமப்படுத்துவதிலும் கல் கொஞ்சம் மெலியத்தான் செய்கிறது. ஒருநாள் அது அட்டை போலாகி உடையும். எல்லோரும் தேய்ந்துதான் முடிவோம், அதில் எனக்குப் புகார் இல்லை. அடுத்த முறை யாராவது மேடையில் சந்தனக்கட்டையைப் புகழும்போது, கை தட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டையின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும்.