தண்டனையின் எல்லை

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. கொரோனாத் தொற்று நாடெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. நாட்டின் 1,339 சிறைகளில், நூறு பேருக்குரிய இடத்தில் 117 பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர். விலகி இருங்கள் என்னும் அறிவுரை அங்கே எங்ஙனம் செல்லும்? ஆகவே, இடைக்காலப் பிணையிலோ பரோலிலோ எவரை அனுப்பலாம் என்று ஆராய மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்குமாறு நீதிமன்றம் பணித்தது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களை எடுத்துக்காட்டாகவும் குறிப்பிட்டது.

இங்கேதான் நம் மனம் தயங்குகிறது. அந்நோய் மிகுதியாக வீழ்த்தியது முதியோரை. எடுத்துக்காட்டிய அளவுகோலோ வயதன்று, குற்றத்தின் கனம். சிறு குற்றம் புரிந்த இளைஞன் வீடு திரும்பலாம். ஆயுள் தண்டனையில் மூப்பெய்தியவர் கொட்டடியிலேயே கிடக்க நேரும்.

"கொலை செய்தவனுக்கு இரக்கமா? இறந்தவனைப் பெற்றவளுக்கு என்ன விடை?" என்று கேட்போர் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மன்னித்துவிடு என்று அத்தாயிடம் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆயினும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசமே அன்றி மரணம் அன்று.

நாம் ஆசிரியப் பணியிலிருந்தபோது, வீட்டுப்பாடம் எழுதாத சிறுவன் ஒருவனை முற்றத்தில் நிறுத்தினோம். கரும்பலகையில் கணக்கு எழுதும் மும்முரத்தில் மழை பிடித்ததை நாம் கவனிக்கவில்லை. "டீச்சர், அவன் நனைகிறான்" என்று ஒரு சிறுமி சொன்ன பிறகே ஓடினோம். மறுநாள் அவன் காய்ச்சலால் வரவில்லை. மழையை நாம் பெய்விக்கவில்லைதான். ஆனால் அவனை அங்கே நிறுத்தியவர் நாமல்லவா? பயிற்சிப் பள்ளியில் இதனை எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய ஸ்டேன் சுவாமி பாதிரியார் 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாமல் உறிஞ்சுகுழல் கேட்டு விண்ணப்பித்தார். பிணை மறுக்கப்பட்டது. தொற்றுக்கும் ஆளாகி, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் உயிர்நீத்தார். வழக்கின் நியாயம் பேச நாம் புகவில்லை. விசாரணையே அப்போது தொடங்கியிருக்கவில்லை என்பதை மட்டும் நினைக்கிறோம்.

அனுப்பினால் திரும்புவார்களா என்ற ஐயத்திற்கு விடை இருக்கிறது. 2023 மார்ச் 24 அன்று, அவ்வாறு வெளிவந்தோர் பதினைந்து நாட்களுக்குள் சரணடையுமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. விடுவிப்பு மன்னிப்பாக இருக்கவில்லை. மெய்யான இடர்ப்பாடு வேறு. இருபது ஆண்டு கழித்து வெளிவரும் முதியவருக்குக் கதவு திறக்க ஒருவரும் இல்லாமற் போகலாம். மனைவி இறந்திருப்பாள், மகன் முகம் மறந்திருப்பான். அத்தகையோரை வாயிலில் விட்டுவிடுவது விடுதலையாகாது. அவர்களுக்கு ஒரு படுக்கையும் மருத்துவரும் உள்ள இல்லத்தை முன்கூட்டியே அமைத்துவைப்பது, சிறையில் அடைத்த அரசின் கடமையே ஆகும்.