கைத்திறன் யாருடைமை?

இயந்திரம் மனிதனின் வேலையைப் பறிக்குமா என்னும் வினா பழமையானது. சிறு பட்டறைகளுள்ளும் ரோபோக்கள் நுழைந்துவிட்ட இக்காலத்தில் அதனினும் நுட்பமான அறவினாவொன்று எழுகின்றது. இயந்திரத்துக்குத் தன் தொழிலைக் கற்பித்த தொழிலாளிக்கு உரியது யாது?

1961ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையொன்றில் 'யுனிமேற்' என்ற ரோபோ பணியில் அமர்த்தப்பட்டது. சூடான வார்ப்புகளை அச்சிலிருந்து எடுத்து அடுக்குவது அதன் வேலை. அதன் வழிவந்த பொறிகள் பெருமுதலையும் பொறியியலாளரையும் வேலியிட்ட தனியிடத்தையும் வேண்டி நின்றமையாற் சிறு பட்டறைகளுக்கு நெடுங்காலம் எட்டாதவையாயிருந்தன. இந்நிலையை மாற்றியவற்றுள் ஒன்று, 2005இல் டென்மார்க்கின் ஓடென்சே நகரில் தோன்றிய யுனிவேர்சல் ரொபோட்ஸ் நிறுவனம். 2008இல் அது விற்கத் தொடங்கிய இலேசான இயந்திரக் கரத்தைப் பட்டறைத் தொழிலாளியே பயிற்றலாம். கரத்தைத் தன் கையாற் பிடித்து, வேண்டிய வழியே நகர்த்தி, நிலைகளைப் பதியச் செய்தால், அது அவ்வியக்கத்தைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்.

உருக்கி ஒட்டும் தொழிலை எடுத்துக்கொள்வோம். எக்கோணத்தில் முனையைப் பிடிப்பது, எவ்வேகத்தில் நகர்த்துவது என்பன ஒருவன் பல்லாண்டுகள் தீப்பொறிகளிடையே நின்று பெற்ற அறிவாகும். இன்று அவன் அதனைத் தன் கையாலேயே இயந்திரக் கரத்துக்குக் காட்டிக் கொடுக்கின்றான்.

கல்வி கொடுத்தலாற் குறைவுபடாத செல்வம் என்பர் நம் முன்னோர். உண்மையே, கற்பித்த பின்னரும் வித்தை அவனிடமே இருக்கின்றது. ஆயின் அவ்வித்தைக்குச் சந்தையிலுள்ள விலை வீழ்ந்துவிடுகின்றது. அறிவு குறையாது, அவ்வறிவைக் கொண்டு உண்பவனின் சோறு குறையும். நம் மரபு கண்ட மாணாக்கன் உண்டு, உறங்கி, மூப்பெய்தும் மனிதன். இம்மாணாக்கனோ ஆசிரியனுக்குப் போட்டியாக இரவும் பகலும் நிற்பது.

உழைத்த மணித்தியாலங்களுக்குக் கூலி கொடுத்தமையால் முதலாளி கடன்பட்டவனல்லன் எனச் சிலர் வாதிடலாம். கூலி அன்றைய உழைப்புக்குரியது. பதியப்பட்ட வித்தையோ அவன் வீடு சென்ற பின்னரும் உழைக்கின்றது. ஓயாது பயன்தருவதொன்றுக்கு ஒருநாட் கூலி ஈடாகாது.

மறுபுறம், சிறு பட்டறை முதலாளி பெருஞ்செல்வனல்லன். பல இடங்களில் அவனும் கடைசல் இயந்திரத்தருகே நின்று உழைப்பவனே. இயந்திரத்தை மறுத்துப் பட்டறையை மூட நேர்ந்தால் இருவருக்கும் இழப்பே. அன்றியும், புகையும் முதுகுவலியும் தரும் வேலையை இயந்திரத்திடம் விடுதல் மனிதனுக்கு இழுக்கன்று. எனவே மறுப்பு அறமாகாது, பங்கீடே அறமாகும்.

டென்மார்க்கில் வேலையின்மைக் காப்புறுதி நிதியங்களின் உறுப்பினர் வேலையிழப்பின் பொதுவாக ஈராண்டு வரை உதவிப்பணம் பெறுவர்; மறுபயிற்சியும் உண்டு. இது போற்றத்தக்கதே. ஆயினும் அது இடர்ப்பட்டவனுக்குக் கிடைக்கும் உதவி. கற்பித்தவனுக்குப் பட்டறை இறுக்கவேண்டிய கடன் அதனால் தீர்ந்துவிடாது. இயந்திரத்தை மேற்பார்க்கும் பணியில் அவனுக்கு முதலிடம், மிஞ்சும் நேரத்திற் புதுத்திறன் பெறும் வாய்ப்பு, பெருகும் இலாபத்திற் பங்கு என்பனவாக அக்கடன் இறுக்கப்படல் வேண்டும்.

பெருந்தொழிற்சாலையிற் கடன்பட்டவன் யாரெனக் காண்பதே அரிது. பத்துப்பேர் உழைக்கும் பட்டறையிலோ கடன்பட்டவனும் கடன்கொடுத்தவனும் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். அங்கே இவ்வறம் பேணப்படாவிடின், வேறெங்கும் பேணப்படுமென நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.