குறையாத முதல்

தர்மம் செய்வது அரிது. தொடங்கிய தர்மத்தை நடத்துவது அதனினும் அரிது. தனவான் ஒருவர் உற்சவந்தோறும் அன்னமிடுகிறார்; அவர் காலத்திற்குப் பின் அடுப்பு அணைந்துவிடுகிறது. அங்ஙனமாயின், கையிலுள்ள அனைத்தையும் இன்றைய பசிக்கே செலவிடுவதா, நாளைய பசிக்கென ஒரு பகுதியை முதலாக வைப்பதா? சேர்த்து வைப்பது பகவானிடம் அவநம்பிக்கை என்பாரும் உளர்.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. முதலைத் தொடாது வட்டியைக் கொண்டு நடத்தும் தர்மத்திற்குப் பழைய சாசனங்களில் 'அக்ஷயநீவி' என்று பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் உஷவதாதன் என்பான் பிக்ஷுக்களின் வஸ்திரம் முதலிய தேவைகளுக்காக 3000 கார்ஷாபணங்களை அளித்ததை நாசிக் குகைச் சாசனம் கூறுகிறது. அத்தொகையை அவன் ஓரிடத்தில் வைக்கவில்லை; நெசவாளர் சங்கம் ஒன்றில் 2000, மற்றொன்றில் 1000 எனப் பிரித்து வைத்தான்.

சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றிற்கு 96 ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடுகள் சாகாதவை அல்ல. இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிறைவு செய்வது இடையரின் கடமை.

இக்காலத்து வங்கி வைப்பிற்கு அக்குணம் தானே வருவதில்லை. ஏட்டில் முதல் குறையாது நிற்கும். அரிசி விலை ஏற ஏற, பந்தியில் இலைகள் குறையும். ஆதலின் வட்டியில் ஒரு பங்கை மீண்டும் முதலில் சேர்த்தல் வேண்டும்.

சாசனம் இருந்தால் மட்டும் போதாது. காஞ்சிக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் (11ஆம் நூற்றாண்டு) 15 படுக்கைகளுடன் ஆதுலர்சாலை நடந்தமையைக் கல்வெட்டு உரைக்கிறது. கல்வெட்டு இன்றும் உள்ளது, ஆதுலர்சாலை இல்லை.

ஆகவே வரும் வழிகள் பலவாதல் நலம். நிலத்தின் குத்தகை, வைப்பின் வட்டி, ஆண்டுச் சந்தா, வீடுதோறும் பிடியரிசி எனப் பல வழி இருப்பின், ஒன்று வறண்டாலும் மற்றொன்று தாங்கும். பிடியரிசி அளவில் சிறிது. ஆயினும் அதனை இடுபவர் நூறு பேராகும்போது, "இது என் தர்மம்" என்னும் அகங்காரம் எவருக்கும் எழாது.

தனக்கெனச் சேர்ப்பது லோபம். பிறர் பசிக்கெனக் காப்பது தானத்தின் அங்கம். எனினும் முதல் வளர்வதைக் கண்டு மகிழ்ந்து, பசித்து வாசலில் நிற்பவனைத் திருப்பி அனுப்பினால், அது தர்மசாலையன்று, வட்டிக்கடை. வரவையும் செலவையும் ஆண்டுதோறும் ஊரார் முன்னிலையில் வாசித்து, இவ்விரண்டு பசிகளுக்கும் நடுநிலையோடு பங்கிடுமாறு தர்ம கைங்கரியத்தில் ஈடுபட்ட பெரியோர்களைப் பிரார்த்திக்கிறேன்.