கொடுப்பவருக்கு ஏன் அச்சம்?

கொடுக்கும் முறையைத் தைத்திரீய உபநிடதம் எடுத்துரைக்கும் இடத்தில், சிரத்தையோடு நாணம், அச்சம், புரிதல் ஆகியவையும் இடம்பெறுகின்றன. பெறுபவர் நாணுவதும் அஞ்சுவதும் இயல்பு. கொடுப்பவருக்கு அவை எதற்கு? சுகாதாரத் தொண்டில் ஈடுபடும் அன்பர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

2016-ஆம் ஆண்டு ஹைதராபாத் நகரின் அம்பர்பேட் பகுதிக் கழிவுநீரில் இரண்டாம் வகைப் போலியோ கிருமி காணப்பட்டது. சொட்டு மருந்திலுள்ள கிருமியே மாறுதலடைந்து உருவான ஒன்று அது. குழந்தை எதுவும் பாதிக்கப்படவில்லை. எனினும் ஜூன் 20 தொடங்கி ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. வாயில் இரண்டு சொட்டு என்றே பழகிய தாய்மாரிடம் இம்முறை ஊசி என்று சொல்ல வேண்டும். போலியோ ஒழிந்ததென்று 2014-இல் நாடு சான்று பெற்ற பிறகும் இது எதற்கு என்பதையும் விளக்க வேண்டும். அதுவோ சார்மினாரைச் சுற்றித் தக்கினி உருது, சற்றுத் தள்ளித் தெலுங்கு, பிறகு மராத்தி, கன்னடம், லம்பாடி, தமிழ் என்று பல மொழிகள் வழங்கும் நகரம். ஒரே துண்டுப் பிரசுரத்தை எல்லா வாசலிலும் நீட்டினால் போதுமா?

போதாது என்பதை உத்தரப் பிரதேசம் முன்பே உணர்த்தியிருந்தது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி அங்கே முஸ்லிம் குடியிருப்புகளில் பரவ, பல கதவுகள் அடைபட்டன. மறுத்தவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. ஆனால் சாக்கடையும் மருத்துவரும் எட்டிப் பாராத தெருவுக்கு இந்த மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வருவானேன் என்று அவர்கள் ஐயுற்றதில் நியாயம் இல்லையா? பின்னர் இமாம்களும் மதரஸா ஆசிரியர்களும், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற கல்வி நிலையங்களும் இப்பணியில் துணை நின்றனர். அந்தந்தத் தெருவின் பெண்களே வீடு வீடாகச் சென்று பேசினர். கதவுகள் மெல்லத் திறந்தன. இயற்கையான போலியோ கிருமியால் இந்நாட்டுக் குழந்தை கடைசியாகப் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்.

இதற்கு நெடுங்காலம் முன்பு, 1898-இல், கல்கத்தாவில் பிளேக் தோன்றியபோதும் வதந்திகள் பரவின. மக்கள் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். சுவாமி விவேகானந்தர் வங்காளத்திலும் இந்தியிலும் ஓர் அறிக்கை வெளியிடச் செய்தார். தூய்மையைப் பற்றிக் கூறியதோடு அது நிற்கவில்லை. நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்தில் அவரவர் மதமும் சாதியும் பெண்களின் திரை வழக்கமும் மதிக்கப்படும் என்று உறுதியளித்தது. சாதிக் கொடுமையை அவரளவு கடுமையாகச் சாடியவர் சிலரே! ஆயினும் அந்த அறிக்கையில் அதைப் பற்றி அவர் போதிக்கவில்லை. தம் கொள்கையைக் கேட்டு ஒரு நோயாளியாவது வராமல் இருந்துவிடுவாரோ என்று அஞ்சினார் போலும்.